கிருத்திகை லீவு

கண்ணுகளா, என் அத்தைக்கு, அதாவது என் அப்பாவின் தங்கைக்கு, எச்.ஐ.வி. இருந்தது அப்போது எனக்குத் தெரியாது. மாமா காய்ச்சலில் போனார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு அத்தை வேலம்பாளையத்தில் எங்களுடனேயே லைன் வீட்டில் தங்கி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனார்.

மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கக் கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பெனி ஆள் யாராவது பார்த்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி என்று லீவு கேட்டால் சூப்பர்வைசர் என்ன நோய் என்பார். சாமிக்கு என்றால் சரக்கு அனுப்புகிற ஷிப்மெண்ட் நேரத்திலும் தலையாட்டிவிடுவார். அதனால் அத்தை கிருத்திகைதோறும் மருதமலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் திருநீறு வாங்கி வந்து லைன் முழுக்கக் கொடுப்பார். நாங்களும் பக்தியோடு பூசிக்கொள்வோம்.

மாத்திரையில் அத்தைக்கு உடம்பு தேறியது. வம்பும் அங்கேதான் வந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மா அதை முருகன் கணக்கில் சேர்த்துவிட்டார்.

"ஏனம்மிணி, உன்னையத் தேத்துன சாமி என்ற புள்ளைக்கு ஒரு மாப்பிள்ளை காட்டாமயா போயிரும்? நானும் வாரேன்."

அடுத்த கிருத்திகைக்குக் கிளம்பியே விட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன்.

மலையில் நல்ல கூட்டம். அத்தை வரிசையில் நின்றபடி முன்னாலும் பின்னாலும் நின்றவர்களிடம் மணி கேட்டுக்கொண்டே இருந்தார். மாத்திரை முந்தின நாளோடு தீர்ந்துவிட்டது, மத்தியானத்துக்குள் போகாவிட்டால் சீட்டு தரமாட்டார்கள், மறுநாள் லீவும் கிடையாது என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. கீழே இறங்கியதும், தனக்கு ஒரு சோலி இருக்கிறது, நீங்கள் ஊருக்குப் போங்கள் என்றார் அத்தை. சேர்ந்து வந்தோம், சேர்ந்துதான் போகோணும் என்று பெரியம்மா பாசமாகக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பொய் சொல்லிச் சொல்லி முடியலீங்கக்கா. அவரு போனது காய்ச்சல்ல இல்லீங்க. அவருக்கு இருந்த வியாதி எனக்கும் இருக்குதுங்க. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகாட்டி ராத்திரிக்கு மாத்திரை இல்லீங்க."

பெரியம்மா கையை விட்டார்.

"போ அம்மிணி. பையனை நான் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அன்றைக்கு மாத்திரை கிடைத்தது. பெரியம்மா லைனில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் கூட வருகிறேன் என்று கிளம்பிய இன்னொருத்தரையும், அது அவளோட வேண்டுதல், கூட்டம் சேர்த்துக்கொண்டு போனால் பலிக்காது என்று அவரே தடுத்துவிட்டார்.

ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. டம்ளரில் ஒட்டுகிற நோய் இல்லை அது. அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர் வரும்போதெல்லாம் அத்தை காப்பி போட்டு நீட்டுவார். இப்பத்தான் குடிச்சேன் என்பார் பெரியம்மா. அந்தக் காப்பி எனக்கு வரும். பெரியம்மா தினமும் வந்தால் நன்றாயிருக்குமே என்று நான் நினைத்துக்கொள்வேன்.