ஆரம்பாக்கத்துக்கு ஆட்டோவில் போன திரவ நைட்ரஜன்

"உங்க ஊர்ல குவாண்டம் யாருக்கும்மா புரியும்? கம்பெனி வேலைக்குப் போற ஜனம்" என்று எங்கள் இயற்பியல் துறையில் ஒருவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஜனத்தில் ஒருத்திதான் நான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குக் கிளம்பிவிட்டேன், குவாண்டத்தைக் காட்ட.

தோள்பையில் கையுறை, கண்ணாடி, இடுக்கி, ஒரு குட்டிக் காந்தம். கையில் இரண்டே சாமான்கள். ஒன்று, நானே உலையில் சுட்டெடுத்த, பிஸ்கட் அளவுக் கறுப்பு வில்லை. இட்ரியம், பேரியம், தாமிரம் கலந்த இந்தப் பீங்கானை மைனஸ் நூற்றெண்பது டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் மின்சாரம் துளியும் வீணாகாமல் ஓடும். மீக்கடத்தி என்பார்கள். இன்னொன்று, அதைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜனுக்கான பத்து லிட்டர் கேன். எங்கள் ஆய்வகத்தில் ஒதுக்கிப்போட்ட கிழடு. காலையில் நிரப்பினால் சாயங்காலத்துக்குள் ஆவியாகிவிடும்.

சென்ட்ரலிலிருந்து காலை மின்ரயில், காலி கேனோடு. நிரப்பிய கேனோடு ரயில் ஏறக் கூடாது, நினைக்கவும் வேண்டாம். ஒன்றரை மணி நேரத்தில் கும்மிடிப்பூண்டி. தொழிற்பேட்டையில் முன்பே சொல்லி வைத்திருந்த கடையில் எழுநூறு ரூபாய்க்கு நிரப்பிக் கொடுத்தார்கள். அங்கிருந்து எங்கள் ஊர் ஆரம்பாக்கம் பன்னிரண்டு கிலோமீட்டர், ஆட்டோ முந்நூறு.

"இன்னா மேடம் பொகையுது? மூடிய நல்லா டைட் பண்ணுங்க" என்றார் ஓட்டுநர்.

"டைட் பண்ணா வெடிக்கும்ண்ணே."

அதன்பிறகு அவர் ஒரு பள்ளத்தில்கூட ஆட்டோவை இறக்கவில்லை. அவ்வளவு சொகுசாக அந்த நெடுஞ்சாலையில் நான் போனதே இல்லை.

ஊர்க்காரர்களை வரச் சொல்லியிருந்த சமுதாயக் கூடத்து வாசலில் மேரி அக்கா வழிமறித்தார். பக்கத்துத் தெரு. முன்பு நாற்று நட்டவர், இப்போது கம்பெனியில் பாக்கிங் லைனில் வேலை.

"அதுல இன்னா? கேஸா?"

"நைட்ரஜன்க்கா. ஒண்ணும்..."

"ஒண்ணும் ஆவாது, அதான? கம்பெனிக்காரனும் அத்தயேதான் சொன்னான். கேஸ் லீக்காயி புள்ளைங்கள தூக்கினு வயக்காட்டுல ஓடினோம். நீ ஆஸ்டல்ல இருந்த. நம்மூர் பொண்ணுன்னா மட்டும் உட்ருவனா?"

மூடியோரம் புகைந்துகொண்டே இருந்தது. இங்கேயே நின்று வாதாடினால் கேன் காலியாகும். வெறுங்கையோடு திரும்பிப் போய் அந்தச் சிரிப்பை மறுபடி பார்க்க வேண்டும். ஆனாலும் மேரி அக்கா கேட்டதில் தப்பே இல்லை.

"ஆவும்க்கா. மூடிய இறுக்கினா வெடிக்கும். ரூமுக்குள்ள ஊத்தினா மூச்சு முட்டும். கையில பட்டா கொப்புளம் வரும். அதனால வெளில வெச்சிக்கலாம். நீங்களே பக்கத்துல நில்லுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் கிளவுச குடு. மூடிய நான்தான் தொறப்பேன்."

அவர்தான் திறந்தார். வில்லை குளிர்ந்ததும் அதன்மேல் குட்டிக் காந்தத்தை அழுத்தி வைத்துக் கையை எடுத்தேன். அந்தரத்தில் நின்றது. வில்லையை இடுக்கியில் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினேன். அப்போதும் விழவில்லை. மேரி அக்கா நடுவே ஒரு காகிதத்தை நுழைத்து இழுத்துப் பார்த்தார். "நூலும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

அணுவுக்குள் ஒளிந்திருப்பதாகச் சொல்லும் குவாண்டம் அங்கே எல்லார் கண்முன்னாலும் தொங்கியது. குவாண்டம் கணினிகள் பலவற்றின் சில்லுகளிலும் மீக்கடத்திகள்தான் என்றேன். நிக்கல் கலந்த புதிய வகைகள் வந்திருப்பதையும், சாதாரண அறைவெப்பத்திலேயே ஒரு மீக்கடத்தி வேலை செய்கிறது என்று சில வருடங்களுக்கு முன் கிளம்பிய பரபரப்பு, மற்றவர்கள் செய்து பார்த்தபோது நிற்காமல் போனதையும் சொன்னேன். "செஞ்சி பாத்தாதான நம்பணும்" என்றார் மேரி அக்கா. இயற்பியல் புரியாதாம் இவர்களுக்கு!

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: திறந்த இடம், கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். கேன் மூடி தளர்வாகவே இருக்கட்டும். "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

புதன்கிழமை மேரி அக்காவிடமிருந்து போன்.

"பாப்பா, கம்பெனி பின்னாடி ஒரு டேங்கு கீதுல்ல, அதுல இன்னா இருக்குன்னு சூப்பர்வைசரக் கேட்டேன். ஒண்ணும் ஆவாதும்மா, போய் வேலயப் பாருன்னான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னா ஆவும்னு சொல்லுன்னேன். அவன் சொல்ற வரிக்கும் லைன்ல ஒருத்தியும் வேலைல கை வெக்கல."