அவள் நடையில் அளந்த வீடுகள்

2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, முற்பகல் பத்து நாற்பது. சிட்னிக்குத் தெற்கே கயாமாவில் பதினான்கு பாகை வெப்பம், மேற்குக் காற்று, வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. விற்பனைக்கு வந்திருந்த ஒரு சிறிய வீட்டின் வாசலிலிருந்து மருந்துக்கடையை நோக்கி, என் மனைவியின் கைத்தடியை ஊன்றியபடி நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தேன். எனக்குக் கால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. எழுபத்தாறு வயதுக்கு மிக நன்றாகவே இருக்கின்றன.

லிட்கம்மில் நாங்கள் இருபத்தெட்டு வருடம் இருந்த தொடர்மாடியில் மின்தூக்கி கிடையாது. தெருவிலிருந்து எங்கள் கதவுக்கு முப்பத்தெட்டுப் படிகள். இடது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு அவள் பத்தொன்பதாவது படியில் பையைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். முதலில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு மூன்று நிமிடம் ஆயிற்று. படியில்லாத வீடு வேண்டும் என்பது அதோடு முடிவாகிவிட்டது. சிட்னிக்குள் அப்படி ஒன்று வாங்க எங்களிடம் பணம் போதாது. கடலோரச் சிற்றூர்களில் ஒரே காணிக்குள் நாலைந்து சிறுவீடுகளைத் தரைமட்டத்தில் ஒட்டிக் கட்டி வில்லா என்று விற்கிறார்கள். அது எங்களுக்கு எட்டும். அவளுக்கும் கடல் பிடிக்கும்.

"வீட்டுக்குள்ள இருந்து தெரிய வேணும் எண்டில்லை. நடந்து போய்ப் பாத்திட்டு வரக்கூடியதா இருந்தாக் காணும்" என்றாள்.

நான் அவளைவிட ஐந்து வயது மூத்தவன். எங்களுக்குப் பழக்கமான தம்பதிகளில் ஒருவர் போய் மற்றவர் தனித்திருக்கும் வீடுகள் ஒன்பது. அதில் ஏழில் முதலில் போனவர் கணவன். ஆகவே இப்போது வாங்குவது, நான் போன பிறகு அவள் தனியாக இருக்கப்போகிற வீடு என்று என் மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவள் தன் காலால் போய்ச் சேர முடியாத மருந்துக்கடை, மருத்துவர், பஸ் நிறுத்தம் எதுவும் எனக்குக் கணக்கில் இல்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. "உம்மட காலோட அலைய வேண்டாம். நான் போய்ப் பாத்துக் கழிச்சுப்போட்டு, மிச்சத்தை உமக்குக் காட்டிறன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் நடை எனக்குப் பாடம். நிமிடத்துக்கு ஐம்பத்து நாலு காலடி. இருநூறு காலடிக்கு ஒருமுறை நின்று, முப்பது விநாடி மூச்சு வாங்குவாள். அவளிடம் இரண்டு கைத்தடிகள் இருந்தன. பழையதை என் குடைக்குள் சொருகிக்கொண்டு, சனிக்கிழமைகளில் ரயிலேறினேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் அவள் நடையிலேயே நடந்து, நேரத்தைப் பார்த்து ஒரு தாளில் புள்ளி போட்டேன். மூத்தோருக்கான பயண அட்டையில் நாள் முழுக்க எவ்வளவு தூரம் போனாலும் இரண்டரை டொலர்தான்.

கயாமாவில் பிரச்சினை மேடு. அறுநூறு காலடி ஏறியிருப்பேன், ஒரு கார் அருகில் வந்து மெதுவாக நின்றது. ஓட்டியவர் ஐம்பது வயதுப் பெண். ஏறிக்கொள்ளுங்கள், கொண்டுபோய் விடுகிறேன் என்றார். கையில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கிறது, நான் எப்படி ஏறுவது? வேண்டாம், நன்றி என்றேன். அவர் நம்பவில்லை. விளக்கைச் சிமிட்டவிட்டபடி என் பக்கத்திலேயே காரை உருட்டிக்கொண்டு வந்தார். மருந்துக்கடை வந்தபோது உள்ளே போவதைத் தவிர வழியில்லை. தேவையில்லாமல் ஒரு பெட்டி பனடோல் மாத்திரை வாங்கினேன். வெளியே வந்தால் அவர் இன்னும் நிற்கிறார். திரும்பவும் நொண்டினேன். மருந்துக்கடைக்கு இருபத்து மூன்று நிமிடம். கயாமாவுக்கு ஐம்பதுக்குப் பத்தொன்பது புள்ளி.

அதற்கு முந்திய சனிக்கிழமை வரில்லாவில் ஒன்று பார்த்திருந்தேன். மட்டமான நிலம், ஆனால் மருத்துவர் பத்தொன்பது நிமிடம், பஸ் மணிக்கு ஒன்று. முப்பத்து மூன்று புள்ளி. அடுத்த சனி வடக்கே உமினாவுக்குப் போனேன். தெரு முழுக்க மட்டம், கடல் ஒன்பது நிமிடம், மருந்துக்கடை பதினொன்று, மருத்துவர் பதினாலு. நாற்பத்தொரு புள்ளி. அன்று திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு ஒரு சின்ன நித்திரைகூட வந்தது.

வீட்டுக்கு வந்து கைத்தடியை இருந்த இடத்திலேயே வைத்தேன். ஞாயிறு காலை அவள் அதை எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்தாள். அடியிலிருந்த ரப்பர் மூடியைக் கழற்றி மேசையில் தட்டினாள். மணல் கொட்டியது.

"இந்தப் பொல்லு எப்ப கடலுக்குப் போனது?"

சொல்லாமல் விட முடியவில்லை. காலடிக் கணக்கு, மூச்சு வாங்கும் முப்பது விநாடி, ஒன்பதில் ஏழு, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் நாலு வெங்காயம் உரித்து முடித்தாள்.

"அப்ப நான் தனிய இருக்கிறதுக்கு வீடு பாத்துத் திரியிறியள்."

"வேற எப்பிடிப் பாக்கிறது?"

"ஒன்பதில ஏழு சரி. மற்ற ரெண்டு?"

"என்ன மற்ற ரெண்டு?"

"அதில பெண்சாதிதானே முந்திப் போனது. நான் முந்திப் போனா என்ன செய்வியள்? தேத்தண்ணி போடத் தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியும்."

"தேயிலை எந்தப் போத்தலுக்குள்ள கிடக்கு?"

நான் அலமாரியைப் பார்த்தேன். ஆறு போத்தல்கள் இருந்தன. மேல்தட்டில், இடது பக்கம் மூன்றாவது என்றேன். அது வெந்தயம்.

"வாற சனி நானும் வாறன்" என்றாள்.

அன்றிரவு வேறு மாநிலத்தில், ட்ருகனினாவில் இருக்கும் மகள் தொலைபேசியில் வந்தாள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கென்று ஓர் அறை கட்டித் தருவதாக இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் மறுக்கவில்லை, போகவுமில்லை. தாய் நடந்ததைச் சொல்ல, அவள் ஒலிபெருக்கியில் கத்தினாள்.

"அப்பா, திஸ் இஸ் சோ மோர்பிட்! ரெண்டு பேரும் யார் முதல்ல சாகிறது எண்டு பாத்தே வீடு வாங்கிறியள்?"

"பிள்ளை, கொப்பர் என்னை உயிரோட விட்டுப்போட்டுத்தான் போறாராம். கணக்குப் போட்டு வச்சிருக்கிறார்" என்றாள் தாய். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 23, உமினா. வீடு காட்டும் நேரம் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரை வரை. அவள் குளியலறையையும் பார்க்கவில்லை, அலமாரிகளையும் திறக்கவில்லை. ஒருமுறை சுற்றி வந்துவிட்டு வெளியே மதிலில் உட்கார்ந்தாள்.

"இப்ப நீங்கள் தனி ஆள். நான் இல்லை. மத்தியானம், பசிக்குது. போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ."

"உமக்கு?"

"எனக்கென்ன, நான்தானே செத்துப் போனன்" என்று சொல்லிவிட்டுப் பைக்குள்ளிருந்து தன் இடியப்பப் பெட்டியை எடுத்தாள்.

நான் போனேன். கடைகள் இருந்தன, சாப்பாடும் நல்லதாகவே இருந்திருக்கும். இரண்டு வாசலில் எட்டிப் பார்த்தேன். உள்ளே எல்லோரும் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். தனியாக ஒரு மேசைக்குப் போகக் கூச்சமாக இருந்தது. கடைசியில் குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு கோழிச் சாண்ட்விச் வாங்கி, பஸ் நிறுத்தத்தில் நின்று பாதி தின்றேன். ஐம்பத்திரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தேன்.

"எத்தினை பேரோட கதைச்சனீங்கள்?"

"ஒராள்."

"என்ன கதைச்சவர்?"

"பை வேணுமோ எண்டு கேட்டவர்."

அவள் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "இஞ்ச விட்டிட்டு நான் போனா, மூண்டு மாசத்தில பின்னால வந்து நிப்பியள். அங்கயும் எனக்கு நிம்மதியிராது."

"நாற்பத்தொரு புள்ளி" என்றேன்.

"அது என்ர புள்ளி. உங்கட புள்ளி பூச்சியம்."

ரயிலில் வரும்போது மற்ற இடங்களைப் பற்றிக் கேட்டாள். கயாமா மேடு என்றதும் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள். வரில்லாவைப் பற்றி நான் சொல்லவே விரும்பவில்லை. முப்பத்து மூன்று புள்ளிதான், மருத்துவரிடம் போய்வர அவளுக்கு முப்பத்தெட்டு நிமிடம். மழை நாளில் என்ன செய்வாள்? ஆனால் அது மட்டும்தான் மிச்சம். இன்னும் விற்கப்படாமலும் இருந்தது.

ஆகஸ்ட் 30, வரில்லா, பதினொன்றரை மணி. நாலு வில்லாக்களில் மூன்றாவது. இந்த முறை முதலில் அவளைக் கடலுக்கு அழைத்துப் போனேன். மணிக்கூட்டைச் சட்டைப்பைக்குள் பிடித்துக்கொண்டேன். அவள் நடையில் நான் பன்னிரண்டு நிமிடம் என்று எழுதியிருந்தேன். பதினாறு ஆயிற்று. கால் நோவால் நின்ற நேரம் நான் போட்டதைவிடக் குறைவு. ஆனால் ஒரு வீட்டு முன்னால் எலுமிச்சை மரத்தைப் பார்த்து நின்றாள். கறுப்பு நாய் ஒன்றோடு தமிழில் பேசினாள். யாரோ வீசிவிட்டுப் போன நல்ல கதிரையைத் தூக்கிப் பார்த்தாள். இதொன்றும் என் தாளில் இருக்கவில்லை. அப்படியானால் மற்ற எண்களும் பிழைதான் என்று எனக்கு மனம் குழம்பிவிட்டது. அவள் கடலைப் பார்த்துக்கொண்டு எட்டு நிமிடம் இருந்தாள். பிறகு திரும்பி வந்து, வீட்டு வாசலில் வைத்து என்னைச் சாப்பிட அனுப்பினாள்.

தெருக்கோடிக்கு அப்பால் முதியவர்கள் புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் ஒரு சங்கம் இருந்தது. உள்ளே ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை. சோறு கிடைக்கிறதே என்று நுழைந்தேன். முட்டை போட்ட பொரித்த சோறு. யன்னலோரமாக உட்கார்ந்து தின்றுகொண்டு வெளியே பார்த்தேன். இரண்டு அணிகள் விளையாடின. வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் புள்ளிகளைப் பலகையில் எழுதினார். பதினேழோடு நாலைக் கூட்டி இருபத்திரண்டு என்று எழுதினார்.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. வெளியே போய், இருபத்தொன்று என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, இல்லை, முந்திய சுற்றில் ஒன்று விடுபட்டது, அதையும் சேர்த்திருக்கிறேன் என்றார். விடுபட்டதென்றால் விடுபட்ட இடத்தில் எழுத வேண்டும், இங்கே ஒளித்து வைக்கக் கூடாது என்றேன். நீ யார் என்றார். சோறு தின்ன வந்தவன் என்றேன். எதிரணிக்காரர் இரண்டு பேர் என் பக்கம் சேர்ந்தார்கள். முதல் சுற்றிலிருந்து திரும்பக் கூட்ட வேண்டியதாயிற்று. அவர் சொன்னதே சரி, மொத்தம் இருபத்திரண்டுதான். ஆனால் எழுதிய முறை பிழை என்பதை அவரும் கடைசியில் ஒப்புக்கொண்டார். எனக்கு ஒரு தேநீர் வாங்கித் தந்தார்.

நேரம் பார்த்தபோது ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் கடந்திருந்தது. ஓடினேன். வீடு காட்டிய முகவர் கதவைப் பூட்டிவிட்டு எப்போதோ போய்விட்டார். அவள் அடுத்த வீட்டு முற்றத்தில் ஒரு கதிரையில் இருந்தாள். பக்கத்தில் கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு மசிடோனியக் கிழவி. கிழவியின் மடியில் ஒரு பை நிறையச் சிவப்புக் குடைமிளகாய்.

"எங்க போனீங்கள் இவ்வளவு நேரமும்? சாப்பிட்டீங்களோ?"

"பாதி. ஒராளோட வாக்குவாதம்."

"சண்டையோ?"

"புள்ளியைப் பிழையா எழுதினவர்."

"கோபிச்சுக்கொண்டு போட்டாரோ?"

"இல்லை. அடுத்த சனி வந்து நீயே எழுது எண்டு சொன்னவர்."

அவள் கிழவியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கிழவியும் ஆட்டினாள். என்னைப் பற்றித்தான் ஏதோ.

"உவவுக்கு இங்கிலிஷ் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஓம், என்னளவுக்கு."

உமக்குத் தெரிந்தது நாற்பது சொல் என்று வாய்வரை வந்தது. "அப்ப இவ்வளவு நேரமும் என்ன கதைச்சனீங்கள்?"

"முழங்கால்" என்றாள். "அவவுக்கு ரெண்டும். இதை வாங்குவம்."

"மருத்துவர் பத்தொன்பது நிமிசம். பஸ் மணித்தியாலத்துக்கு ஒண்டு. நீர் தனிய இருந்தா..."

"இவவின்ர மகன் செவ்வாயும் வெள்ளியும் காரில வாறவராம். விரலைக் காட்டிச் சொன்னவ. நான் சமாளிப்பன். நீங்கள் சமாளிப்பியளோ எண்டுதான் எனக்குப் பயம். இண்டைக்கு அந்தப் பயம் போட்டுது."

நான் தாளை எடுத்து வரில்லாவுக்கு நேரே எனக்கென்று ஒரு நிரல் கீறப் பார்த்தேன். என்ன எண்ணைப் போடுவதென்று தெரியவில்லை. மடித்து வைத்துவிட்டு முகவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

லிட்கம் வீட்டை விற்ற காசோடு சேமிப்பில் ஒரு பகுதியும் போயிற்று. நவம்பர் கடைசியில் குடிவந்தோம். சனிக்கிழமைகளில் நான் புள்ளி எழுதப் போகிறேன். அவள் தினமும் கடலுக்குப் போகிறாள், பதினாறிலிருந்து இருபத்தைந்து நிமிடம் வரை ஆகிறது, மிளகாய்க் கிழவியும் சேர்ந்தால் முப்பத்தொன்று. எனக்கு இரவில் நித்திரை வருகிறது. தெற்கிலிருந்து திடீரென்று வீசும் குளிர்காற்று கூரையைத் தூக்கிவிடுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

வந்த இரண்டாவது வாரம், குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புப் பிடி பொருத்த ஓர் ஆளை அழைத்தோம். எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார். இடது பக்கம், அவளுக்கு இடது முழங்கால்தான் நோ என்றேன் நான். அதே நேரம் அவள் வலது பக்கச் சுவரைத் தட்டிக் காட்டினாள். நான் வலது கையால்தான் எதையும் பிடிப்பேனாம். அந்த மனிதர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் துளை போட்டார்.

வீடு 735,000. முத்திரைத் தீர்வை 27,487. பத்திரம் எழுதியவருக்கு 1,540. கட்டடமும் கறையானும் பார்த்தவருக்கு 495. சாமான் ஏற்றி இறக்க 1,380. இரண்டு பிடிகளும் கூலியும் 362. எல்லாம் கூட்டி ஏழு லட்சத்து அறுபத்தாறாயிரத்து இருநூற்று அறுபத்து நாலு டொலர்.