பெட்டி எந்தப் பக்கம் விழுந்தது

உச்சிமாகாளிக்குக் கன்னியப்பன் தர வேண்டியிருந்தது பத்தொன்பதாயிரத்து இருநூறு ரூபாய். இருபத்து நாலு நாள் வேலை, நாளுக்கு எண்ணூறு. அதைக் கடன் என்று கன்னியப்பன் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. நஷ்டத்துக்குப் பிடித்தம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தார். பேர் எதுவானால் என்ன, உழைத்தவன் கைக்கு வராத காசு கடன்தான்.

கன்னியப்பன் ஒரகடத்துக்காரர். அறுபத்திரண்டு வயது, மூணாங்கிளாஸ் படிப்பு. கம்பெனிகளுக்குள் மெஷின் இறக்கி, நகர்த்தி, சொன்ன இடத்தில் நிறுத்துவது அவர் தொழில். ரெண்டு கடப்பாரை, ஆறு துண்டு இரும்புப் பைப்பு, இவ்வளவோடு ஆரம்பித்தவர். இன்றைக்குச் சொந்தமாக ஒரு கிரேன், பதினோரு ஆள், மாடி வைத்த வீடு. அடியில் பைப்பை உருளக் கொடுத்து அவர் கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினால் பதினாலு டன் பிரஸ்ஸும் சகடை போட்ட தேர் மாதிரி அடங்கி வரும். பெரிய பெரிய இன்ஜினியர்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு "அண்ணே, இன்னும் ஒரு இன்ச்" என்று அவரைக் கெஞ்சியதை ஊரே பார்த்திருக்கிறது. இது பீற்றல் இல்லை, நடந்த கதை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஷினை நகர்த்தினாலும் அதன் பக்கத்தில் கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு டீயை வைத்துவிடுவார். டீ சிந்தாமல் போய்ச் சேர்ந்தால் எல்லாருக்கும் அவர் செலவில் பரோட்டா. சிந்தினால் இழுத்தவனுக்கு அன்றைய பேட்டா கிடையாது. முப்பத்தைந்து வருஷத்தில் டீ சிந்திய நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அப்படிப்பட்டவர் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அது நடந்தது. பேரப்பிள்ளைக்கு மொட்டை போடக் குன்றத்தூர் கோயிலுக்குப் போயிருந்தார். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கரண்ட் பேனல் பெட்டி ஒன்றை ஷெட்டுக்கு ஷெட் மாற்ற வேண்டும். ஏழடி உயரம், அடிப்பக்கம் ரெண்டடிகூட இல்லை. நெட்டையான இரும்பு பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை டிராலியில் நிறுத்தி, கம்பெனியின் சொந்த இழுவை வண்டியை முன்னால் மாட்டி இழுத்தார்கள். வண்டியை ஓட்டியது கம்பெனி ஆள் மணிகண்டபிரபு. டிராலியின் வால்பக்கத்தில் கைப்பிரேக்கோடு நடந்து வந்தது கன்னியப்பனின் ஆள் உச்சிமாகாளி. பாதி வழியில் பெட்டி விழுந்தது. உள்ளே இருந்த சாமான் நொறுங்கியதில் ரெண்டு லட்சத்துக்கு மேல் நஷ்டம்.

கன்னியப்பன் மொட்டைத்தலைப் பேரனை மகளிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தபோது பெட்டியை நிமிர்த்தித் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். சூப்பர்வைசர் சிவசங்கர் ஒரு காகிதத்தை நீட்டினார். முழுக்க இங்கிலீஷ்.

"உங்க ஆளு திடீர்னு பிரேக் புடிச்சிட்டான் கன்னியப்பன். அதான் பெட்டி சாஞ்சிடுச்சு. படிச்சுப் பார்த்து சைன் பண்ணுங்க."

சுற்றி நாலு பேர் நின்றார்கள். கன்னியப்பன் கண்ணாடியை எடுத்து மாட்டினார். மேலிருந்து கீழே பார்த்தார். ரெண்டு தடவை தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டார். ஒரு எழுத்துகூட அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் காகிதம் போதாதா? அவருடைய பில் பணம் நின்றது. உச்சிமாகாளியின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். கன்னியப்பனுக்கு வந்த கோபத்தில் பாதி கம்பெனி மேல், மீதி முழுக்க உச்சிமாகாளி மேல். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒன்பது வருஷமாகத் தன்னிடம் வேலை செய்கிறவன், நாற்பது வயசுக்காரன், அவனைப் பத்துப் பேர் நடுவில் வைத்துக் கேட்டார்.

"பிரேக் புடிச்சியா இல்லியா?"

"புடிக்கல அண்ணாச்சி."

"நான் கையெழுத்துப் போட்டுக்கினு வந்து கீறேன், நீ புடிக்கலன்றியா? என் பேரு இன்னாவாவுறது?"

"சத்தியமா புடிக்கல அண்ணாச்சி."

"சம்பளம் கிடையாது, போ."

அவன் போய்விட்டான். கெஞ்சவில்லை. அதுவே கன்னியப்பனுக்கு மேலும் எரிச்சலாக இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை. கன்னியப்பன் தன் காரை ஸ்ரீபெரும்புதூரில் சர்வீஸுக்கு விட்டுவிட்டு ஒரகடத்துக்கு பஸ் ஏறினார். ஷிப்டு நேரம், கூட்டம் பிதுங்கியது. பதினாலு டன்னை அசைத்தவன் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதாவது! கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். டிரைவர் வெடுக்கென்று எடுத்தான். கால் பஸ்ஸோடு போயிற்று, உடம்பு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. கன்னியப்பன் அப்படியே பின்னால் சரிந்து, சீட்டில் இருந்த ஒரு பெண்ணின் மடியில், அவள் டிபன் பாக்ஸ் மேல் உட்கார்ந்தார். கம்பெனி யூனிபார்ம் போட்ட பெண். கழுத்து அட்டையில் மஞ்சுளா என்று இருந்தது.

"யோவ் பெருசு! கம்பி இன்னாத்துக்குக் கீது, துணி காயப்போடவா? என் எலுமிச்ச சோறு போச்சு!"

பஸ்ஸே சிரித்தது. அவர் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டிருக்கும்போதே ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினான். இந்தத் தடவை கன்னியப்பன் முன்னால் பறந்தார். நாலு பேரைத் தாண்டி டிரைவர் சீட்டுக் கம்பியில் மார்பை இடித்துக்கொண்டு நின்றார்.

"அடப்பாவமே," என்று மஞ்சுளா பின்னாலிருந்து கத்தினாள். "எடுத்தா பின்னாடி வர்ற, புடிச்சா முன்னாடி போற. டிக்கெட் ஒண்ணுதானா, ரெண்டா?"

கன்னியப்பனுக்கு மார்பில் வலித்த இடம் மறந்துபோயிற்று. எடுத்தால் பின்னாடி. பிடித்தால் முன்னாடி. இதைத்தானே முப்பத்தைந்து வருஷமாக டீ டம்ளரை வைத்து ஒவ்வொருவன் மண்டையிலும் ஏற்றிக்கொண்டிருந்தார்! பிரேக் பிடித்திருந்தால் பெட்டி முன்னால் அல்லவா விழுந்திருக்க வேண்டும்? பெட்டி எந்தப் பக்கம் விழுந்தது? பன்னிரண்டு நாளாக அந்த ஒரு கேள்வியை அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு இங்கிலீஷ் காகிதத்தைப் பார்த்ததும் தன் தொழிலே மறந்துபோயிருக்கிறது! தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நேராக உச்சிமாகாளியின் ரூமுக்குப் போனார். ஆறு பேர் தங்கும் ரூம். உச்சிமாகாளி துணி துவைத்துக்கொண்டிருந்தான்.

"உச்சி, அந்தப் பெட்டி எந்தப் பக்கம் வுழுந்துச்சு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பனியனைத் தூக்கினான். இடது விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காயம், பக்கு கட்டிக் கறுத்திருந்தது.

"பின்னாலதான் அண்ணாச்சி. எம்மேலதான் வந்துச்சு. ஒரு எட்டு நவுந்துட்டேன், மூலை மட்டும் உரசிட்டுப் போயிட்டு. இல்லன்னா அன்னைக்கே ஊருக்குப் பெட்டியில அனுப்பியிருப்பிய."

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"நீங்க எங்க கேட்டிய? பிரேக் புடிச்சியா, பிரேக் புடிச்சியான்னுதான கேட்டிய. அதுக்குப் பதில் சொன்னேம்லா."

கன்னியப்பனுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஒருத்தன் மேல் பெட்டியைத் தள்ளிவிட்டு, பழியையும் அவன் மேலேயே எழுதுவதா? அதற்குத் தன் கையெழுத்தையே வாங்கிக்கொள்வதா?

"சட்டய மாட்டு. வா."

கேட்டில் உச்சிமாகாளியை விடவில்லை. அவன் எதிர் டீக்கடையில் நின்றுகொண்டான். கன்னியப்பன் அதே கடையில் முக்கால் டம்ளர் டீ வாங்கி, கையில் ஏந்தியபடியே உள்ளே போனார். செக்யூரிட்டி தடுத்தான். "இது என் மெஷினு, வழிய வுடு" என்றார். பிளாண்ட் மேனேஜர் அமலா மேடம் ஷெட்டில்தான் இருந்தார். பக்கத்தில் சிவசங்கர்.

"மேடம், அந்த டிராலி வேணும், அந்த இழுவை வண்டி வேணும், அதே டிரைவர் வேணும். அஞ்சு நிமிஷம். அப்புறம் நீங்க போன்னா போயிடுறேன்."

"எதுக்கு?"

"உங்க காயிதம் பொய் சொல்லுது. அதுக்கு."

அமலா மேடம் கொஞ்ச நேரம் அவர் கையிலிருந்த டீயைப் பார்த்தார். பிறகு மணிகண்டபிரபுவைக் கூப்பிடச் சொன்னார்.

கன்னியப்பன் டிராலி நடுவில் டம்ளரை வைத்தார். "தம்பி, அன்னிக்கு எடுத்த மாதிரியே எடு. பயப்படாத." மணிகண்டபிரபு சிவசங்கரைப் பார்த்தான், மேடத்தைப் பார்த்தான், வெடுக்கென்று எடுத்தான். டீ பின்பக்கம் எகிறிக் கொட்டியது. "இப்ப மெதுவா ஓட்டு. ஓட்டு. பிரேக் புடி!" மிச்சமிருந்தது முன்பக்கம் பாய்ந்து, ஓரமாக நின்ற சிவசங்கரின் ஷூவை நனைத்தது.

"பாத்தீங்களா மேடம்? எடுத்தா பின்னாடி, புடிச்சா முன்னாடி. உங்க பெட்டி எந்தப் பக்கம் வுழுந்துச்சு? இவரையே கேளுங்க."

"டீ தண்ணி மேடம், ஆடத்தான் செய்யும்," என்றார் சிவசங்கர். "மெஷின் இரும்பு. ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லியா? சரி சார். தண்ணியும் வேணாம், இரும்பும் வேணாம். நீ ஏறி நில்லு."

"என்னது?"

"டிராலி மேல ஏறி நில்லு சார். கைய கட்டிக்கோ. பின்னாடி பிரேக்காண்ட யாருமே கிடையாது. தம்பி அன்னிக்கு மாதிரி எடுக்கட்டும். பிரேக் புடிக்காம ஒண்ணும் வுழாதுன்னு நீதான எழுதின? ஏறு."

சிவசங்கர் ஏறவில்லை. ஷெட்டில் வேலை நின்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிகண்டபிரபு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்.

"பாதி வழியில நின்னு மறுபடி எடுக்கும்போது சார்தான் மேடம், லைன் நிக்குது, வுடு வுடுன்னு கத்துனாரு. பெட்டிய டிராலியோட பெல்ட் போட்டுக் கட்டினா பெயிண்ட் கீறிடும், லேட்டும் ஆவும்னு அவுக்கச் சொன்னாரு. அந்த அண்ணன் பிரேக்குல கையே வைக்கல."

அமலா மேடம் சிவசங்கர் பக்கம் திரும்பவில்லை. கன்னியப்பனைக் கேட்டார்.

"இதெல்லாம் சரிங்க. ஆனா ரிப்போர்ட்ல நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே? படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

இதற்குத்தான் கன்னியப்பன் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தார். ஷெட்டில் முப்பது பேர். அதில் பாதிப் பேர் அவரை 'அண்ணே' என்று கூப்பிடுகிறவர்கள். கூச்சப்பட்டு மழுப்பினால் உச்சிமாகாளி குற்றவாளியாகவே இருப்பான்.

"படிக்கல மேடம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். கண்ணாடி மாட்டிக்கினு படிச்ச மாதிரி நடிச்சேன். அது என் தப்பு. அதுக்கு எனக்குத் தண்டனை குடுங்க. அவன் மேல எழுதினதை அடிங்க."

யாரும் சிரிக்கவில்லை. அமலா மேடம் ஆபீஸிலிருந்து அந்தக் காகிதத்தை வரவழைத்து, குறுக்கே கோடு போட்டு, ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். எழுதியதைத் தமிழில் உரக்கப் படித்தும் காட்டினார். பில் பணம் முறைப்படி வர நாற்பது நாளாகும், கேட் பாஸ் திங்கட்கிழமையே திரும்பும் என்றார். சிவசங்கரைத் தன் அறைக்கு வரச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

கன்னியப்பன் வெளியே வந்தபோது கோபம் ஆறியிருக்கவில்லை. யார் மேல் என்று தெரியாத கோபம், நடையில் தெரிந்தது. எதிர்க்கடையில் உச்சிமாகாளி எழுந்து நின்றான்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"அடிச்சிட்டாங்க. உன் பேரை அடிச்சிட்டாங்க. திங்கக்கிழமை பாஸ் வாங்கிக்கோ." இடுப்புப் பையின் ஜிப்பைத் திறந்தார். மற்ற ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க எடுத்து வைத்திருந்த கட்டு அதில் இருந்தது. "கைய நீட்டு."

"கம்பெனி காசு வரட்டும். அப்புறம் பாத்துக்கிடலாம்."

"கம்பெனி எனக்கு எப்பனா தரட்டும். நான் உன்னிய நிறுத்தி வச்சது கம்பெனி சொல்லியா? நானாத்தான செஞ்சேன்? நீட்டுன்றேன்."

உச்சிமாகாளி சோப்புக்காரத்தில் ஊறிச் சுருங்கிய வலது கையை நீட்டினான். கன்னியப்பன் கட்டைப் பிரித்து, எச்சில் தொடாமல், ஒவ்வொரு ஐந்நூறாக அந்த உள்ளங்கையில் வைத்தார். வாய்விட்டு எண்ணினார். டீக்கடைக்காரரும் கேட்கட்டும், கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியும் கேட்கட்டும் என்று எண்ணினார். பதினெட்டில் குரல் ஒரு தரம் தடுக்கியது. மறுபடி பதினெட்டு என்று சொல்லி மேலே போனார். முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. அதற்கு மேல் ரெண்டு நூறு ரூபாய் நோட்டை வைத்து, விரித்த அந்தக் கையின் விரல்களைத் தன் கையாலேயே மடக்கி மூடினார்.