ஆறாவது எண்

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சங்கம் வைத்தால் நான்தான் தலைவர். அந்தப் பதவியைப் பறிக்கவே ஒரு காலையில் ஆடிட்டர் போன் செய்தார்.

“சார், ஃபைல் பண்ணிட்டோம், சரி. நீங்க இன்னும் வெரிஃபை பண்ணலையே? முப்பது நாள் டைம் இன்னையோட முடியுது. விட்டா ஃபைல் பண்ணாத கணக்குதான். ஃபைன் வரும், ரீஃபண்டும் நிக்கும்.”

மறந்துவிட்டதாகச் சொன்னேன். மறக்கவில்லை, இருபத்தொன்பது நாள் தள்ளிப்போட்டிருந்தேன். உறுதி செய்வதற்கான ஆறு இலக்க எண், ஆதாரில் பதிந்த கைப்பேசிக்கு வரும். ஆதார் எடுத்த அன்று என் எண் எனக்கே நினைவில்லை. மனப்பாடமாக இருந்த ஒரே எண்ணைக் கொடுத்தேன். அது மனைவியின் எண்.

இதில் என்ன பயம் என்பீர்கள். என் கல்லூரிச் சம்பளம் அவளுக்குப் பைசா சுத்தமாகத் தெரியும். ஊர் ஊராகப் போய் மேடையில் நகைச்சுவை பேசி வாங்கும் தொகை தெரியாது. “சால்வைதான் போட்டாங்க” என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பணம் பழைய புத்தகங்களாகவும், சில மாலைகளில் திரவமாகவும் மாறிக்கொண்டிருந்தது. அரசாங்கத்திடம் மட்டும் ஒரு ரூபாய்கூட மறைக்கவில்லை. நேர்மையை யாரிடமாவது காட்ட வேண்டுமே.

மனைவியை அழைத்தேன். பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு ஒரு ஓடிபி வரும். சொல்லு.”

“யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க. அதுவும் புருஷன் கொரல்ல பேசறவன்கிட்ட சொல்லவே கூடாது” என்று வைத்துவிட்டாள்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். சந்தேகம் வரக்கூடாதே என்று கணக்கின் நகலையும் கையோடு கொண்டுபோன என் புத்தியை என்ன சொல்ல? வஞ்சிரத்தைத் தராசில் வைத்தபடி தாளை வாங்கிப் படித்தாள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர்.

“ஏங்க, சம்பளத்துக்குக் கீழ இன்னா இது? இவ்ளோ?”

“அது... பேசினதுக்கு.”

“சால்வைன்னு சொன்னீங்க?”

மீன்காரம்மா கத்தியை நிறுத்தினாள். “கவர்மெண்டுக்குச் சொன்னவரு ஊட்டுல சொல்லலையா? நீங்க நோட்டீஸ் உடுங்க டீச்சர்.”

அதற்குள் ஆடிட்டர் அனுப்பவைத்த ஓடிபி வந்து அவள் கைப்பேசி ஒலித்தது. எண் பதினைந்து நிமிடம்தான் உயிரோடிருக்கும். ஆடிட்டரை லைனில் வைத்துக்கொண்டு கெஞ்சினேன். ஐந்து இலக்கங்களை நிதானமாகச் சொன்னாள். ஆறாவதில் நிறுத்தினாள்.

“இனிமே கூட்டத்துக்குக் கூப்ட்டா என்கிட்ட பேசச் சொல்லுங்க. வர்ற பணத்துல வரிக்கு முதல்ல எடுத்து வைக்கணும். சரியா?”

“சரி.”

“சத்தமா.”

“சரிம்மா!”

போனில் ஆடிட்டரும் சேர்ந்து “சரிங்க மேடம்” என்றார்.

ஆறாவது எண் நான்கு.

ரீஃபண்ட் வந்துவிட்டது. இப்போது கூட்ட அமைப்பாளர்களிடம் அவளே பேசுகிறாள். என் விலை இரண்டு மடங்காகிவிட்டது. இந்த வருடம் நான்கு தவணையாக முன்கூட்டியே வரி கட்டும் அளவுக்கு நான் உயர்ந்துவிட்டதாக ஆடிட்டர் சொல்கிறார். தவணைத் தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறாள். புத்தகத்துக்கு மாதம் ஐந்நூறு ஒதுக்கியிருக்கிறாள். திரவத்துக்கு ஒன்றுமில்லை.