நிரோஜினியின் மானும் கனகசபை அண்ணையும்

கனகசபை அண்ணை ஒரு விடியற்காலை முழுக்க வேட்டைத் துவக்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார் என்றால் எங்கள் டென்மார்க் ஊரான ஹேர்னிங்கில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதைவிட நம்பமுடியாத விஷயம், அந்த நேரம் முழுக்க நான் வாய் திறக்காமல் இருந்தது. யோகம்மாவின் வாய்க்குப் பூட்டுப் போட ஆள் பிறக்கவில்லை என்று என் மனுசனே சொல்லித் திரிந்தவர். பூட்டுப் போட்டவள் இங்கர் என்ற டெனிஷ்காரி.

அண்ணையைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அவர் எனக்குச் சொந்தம் ஒன்றுமில்லை. ஒரே மாடிக் கட்டடத்தில் அவர் கீழ்வீடு, நான் மேல்வீடு. ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்தவர், எண்பத்தாறில் இங்கே வந்து பின்னல் உடுப்புத் தொழிற்சாலையில் மெசினுக்கு நூல் மாட்டினார். யாரோடும் சண்டை சச்சரவு இல்லை. கோபம் வந்தால் தேத்தண்ணி போடுவார். பயம் வந்தாலும் தேத்தண்ணிதான். சைக்கிளில் லைற் எரியாவிட்டால் முற்றத்தைக்கூடத் தாண்டமாட்டார், உருட்டிக்கொண்டு போவார். அந்த மனுசனில் எனக்கு எரிச்சலும் வரும், இரக்கமும் வரும்.

வந்த அடுத்த வருசமே மனைவி பரமேஸ்வரியையும் மகள் நிரோஜினியையும் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அந்தக் காலத்தில்தான் எங்கள் ஆட்களின் குடும்ப விண்ணப்பங்களை எல்லாம் டெனிஷ் அரசாங்கம் கிடப்பில் போட்டிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று அண்ணை திறந்து திறந்து பார்த்ததில் தபால்பெட்டியின் கதவே கழன்றுவிட்டது. எண்பத்தெட்டில் ஊரில் பரமேஸ்வரிக்குக் காய்ச்சல் கண்டது. யுத்தம், ஊரடங்கு நேரம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை, ஆள் போய்விட்டா. பதின்மூன்று வயதுப் பெட்டை தனியே நின்று தாய்க்கு வாய்க்கரிசி போட்டது. அண்ணைக்குச் செய்தி வந்தபோது அங்கே சாம்பலும் கரைத்து முடிந்திருந்தது. அடுத்த வருசம் அனுமதி வந்தது, இரண்டு பேருக்கும். ஒருத்திதான் வந்தாள்.

வந்த நாளிலிருந்து நிரோஜினி அவரை "அப்பா" என்று கூப்பிடவில்லை. மரியாதைக் குறைவாக ஒன்றும் செய்யமாட்டாள். சமைப்பாள், படிப்பாள், அவருடைய சட்டையை அயன் பண்ணி வைப்பாள். டெனிஷ் வாயில் வந்ததும் அவளுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. அந்தப் பாஷையில் முறை சொல்லாமலே ஒரு சீவியம் முழுக்கக் கதைத்துவிடலாம். எனக்குப் பொறுக்கவில்லை, ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏனடி, அந்த மனுசனை ஒருக்கா அப்பா எண்டு சொன்னால் உன்ர வாய் வெந்துபோமோ?"

"அம்மா சாகேக்கை அவரைத்தான் தேடினவ, மாமி. இவர் இஞ்ச இருந்து என்ன செய்தவர்?" என்றாள். அதைத் தமிழிலேதான் சொன்னாள்.

தொண்ணூறுக்குப் பிறகு அந்தக் கிடப்புக் கதையை விசாரிக்கத் தொடங்கினார்கள். விண்ணப்பங்களை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தார்கள் என்று ரீவியிலும் பேப்பரிலும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அண்ணை ரீவியை நிற்பாட்டிவிட்டுத் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைப்பார். நிரோஜினி எல்லாவற்றையும் வாசித்தாள், எங்களைவிட அவளுக்கு நன்றாக விளங்கும். பிழை தகப்பனில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மூன்று வருசம் சொல்லாத சொல்லை எந்த முகத்தோடு சொல்வது? அண்ணையும் தன் பக்கத்து நியாயத்தை ஒருநாளும் எடுத்துப் பேசவில்லை.

"பிள்ளை என்னை அப்பா எண்டு கூப்பிடாமலே நான் செத்துப்போவன் போல கிடக்கு, யோகம்மா" என்று ஒருதரம் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிவிட்டார்.

இந்த நிலைமையில் பெட்டைக்கு வேட்டைப் பைத்தியம் பிடித்தது. கோதாரி! பரதம் பழகுகிற பிள்ளை உண்டு, வயலின் பழகுகிற பிள்ளை உண்டு, இது துவக்குப் பழகப் போனது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதியோடு சைக்கிளில் போய் இங்கரின் நிலத்தில் சனிக்கிழமைகளில் வேலை செய்தாள். இந்த இங்கர் பன்றியும் வளர்க்கிற ஐம்பது வயதுக் கமக்காரி. நல்லாய்ப் பார்லி விளைகிற காணியில் ஒரு பெரும் பங்கை உழாமல் விட்டு, முள்ளுப் பற்றையும் பழப் பற்றையும் நட்டு, குளம் வெட்டி, மானும் முயலும் கௌதாரியும் குடியிருக்க விட்டிருந்தாள். அவளுடைய காணி, அவளுடைய விருப்பம். அங்கே மரம் நட்டு, பனிக்காலத்தில் தீனி வைத்து உழைக்கிற பிள்ளைகள் வேட்டைச் சோதனையும் பாஸ் பண்ணினால், இலையுதிர்காலத்தில் ஆளுக்கு ஒரு விடியற்காலை வேட்டைக்கு விடுவாள். காசு வாங்கமாட்டாள். ஒரே நிபந்தனை, பதினெட்டு ஆகாத பிள்ளையென்றால் தாயோ தகப்பனோ பக்கத்தில் இருக்கவேண்டும்.

"துவக்கோ?" என்றார் அண்ணை. முகம் வெளிறிவிட்டது. "பொலிஸும் சம்மதிக்கோணுமாம் யோகம்மா. எங்கட பேரையும் துவக்கையும் ஒண்டாய்ப் பொலிஸுக்குக் குடுக்கிறதோ? விசாவுக்கு ஏதும் வந்தால்?"

"அண்ணை, அவள் வந்த நாளிலயிருந்து உங்களிட்டை எதாவது கேட்டவளோ?"

யோசித்தார். "இல்லை" என்றார்.

"இப்ப கேக்கிறாள். போய்ப் பக்கத்திலை இருங்கோ."

அப்படி வாய்ச்சவடால் விட்ட நான்தான் மாட்டுப்பட்டேன். அண்ணைக்குக் கார் ஓடத் தெரியாது. ஒக்ரோபர் மாதம், இருட்டோடு என் பழைய டொயோட்டாவில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனேன். காருக்குள் தனியே விறைக்கமாட்டேன் என்று அடம்பிடித்து நானும் கூடவே ஏறினேன், வேட்டைக்காரர் ஒளித்திருந்து பார்க்கிற, நாலு கால் வைத்த மரப்பரணில். முன் பலகையில் இங்கரும் நிரோஜினியும், பின் பலகையில் நானும் அண்ணையும். ஏறுவதற்கு முதல் இங்கர் சட்டம் சொன்னாள்.

"கதைக்கக்கூடாது. இருமல் வந்தால் சட்டைக் கைக்குள் இரும வேண்டும். குட்டியோடு வருகிற தாயைத் தொடவே கூடாது. தாயில்லாத குட்டி பனிக்காலம் தாண்டாது. குட்டியில்லாத கிழட்டு மான் ஒன்று இருக்கிறது, பின்னங்காலை இழுத்து நடக்கும். அது கிட்ட வந்தால் மட்டும் சுடு."

நிரோஜினி தலையாட்டினாள். அண்ணை தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தாயில்லாத குட்டி என்ற சொல் அவருக்கும் விளங்கியிருந்தது.

பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முதலில் நாக்கு அரித்தது. பிறகு குளிரில் அதுவும் அடங்கிவிட்டது. அப்புறம்தான் காது திறந்தது. எங்கேயோ தண்ணீருக்குள் ஏதோ இறங்கும் சத்தம். தலைக்கு மேலே வாத்துக் கூட்டம் போகும் சத்தம், செட்டை அடிப்பதுகூடக் கேட்டது. கிழக்கு வெளிக்க வெளிக்க, வெறும் கறுப்பாய்க் கிடந்த இடத்தில் பற்றை வந்தது, பற்றையில் சிவப்புப் பழம் வந்தது, குளத்தின்மேல் பனிப்புகார் எழும்பியது. ஒரு முயல் எங்களுக்கு நேர் கீழே குந்தியிருந்து முகம் கழுவியது. இத்தனை வருசமாக ஹேர்னிங்கில் இருக்கிறேன், தொழிற்சாலைப் புகைபோக்கியையும் சுப்பர்மார்க்கெட்டையும் தவிர இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று திட்டிக்கொண்டே இருந்தவள் நான். எனக்குக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

அப்போது பற்றைக்குள்ளிருந்து ஒரு தாய்மான் வந்தது. ஒரு அடி வைத்து நின்று காதைத் திருப்பி, பிறகு இன்னொரு அடி. பின்னால் அதன் குட்டி. எவ்வளவு கிட்ட என்றால், குட்டியின் மூக்கிலிருந்து போகும் ஆவி தெரிந்தது. தாய் தலையை நிமிர்த்தி எங்கள் பரணைப் பார்த்தது. நாலு பேரும் மூச்சுக்காட்டவில்லை. நிரோஜினியின் துவக்கு மடியை விட்டு அசையவில்லை. குட்டி போய்த் தாயின் வயிற்றோடு உரசி நின்றது. அப்படியே இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் குளக்கரையால் நடந்து புகாருக்குள் போய்விட்டன. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், அண்ணையின் கன்னமெல்லாம் கண்ணீர். துடைத்தால் சத்தம் வரும் என்று துடைக்காமல் இருந்தார். சட்டம் என்றால் அவருக்குச் சட்டம்தான்.

சூரியன் வந்த பிறகு அந்தக் கிழட்டு மான் வந்தது. பின்னங்காலை இழுத்து இழுத்து, நின்று நின்று, நேரே எங்களை நோக்கி வந்தது. இங்கர் நிரோஜினியின் முழங்கையைத் தொட்டாள். பெட்டை துவக்கை எடுத்துத் தோளில் வைத்தாள். ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தாள்.

வெடிச் சத்தம் கேட்டதுதான் தெரியும். நான் பலகைக்குக் கீழே கிடக்கிறேன், கையால் தலையைப் பொத்திக்கொண்டு. நானாகப் போகவில்லை, உடம்பு போனது. அண்ணை அப்படிச் செய்யவில்லை. முன்னுக்குப் பாய்ந்து மகளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தரையில் போட்டு, அவளுக்கு மேலே தான் படுத்துவிட்டார். துவக்கை இங்கர் எட்டிப் பிடித்தது கடவுள் செயல்.

"அசையாதை பிள்ளை, அசையாதை, அப்பா இருக்கிறன். அப்பா இருக்கிறன்."

சுட்டதே அவள்தான் என்பதும், இது டென்மார்க் என்பதும் அந்த மனுசனுக்கு எங்கே தெரிந்தது? முதுகைக் கூனி, தலையையும் கையையும் அவளுக்கு மேலே மூடி வைத்திருந்தார். அவள் ஊரில் தனியே இருந்த காலம் முழுக்கச் செய்ய ஏங்கி, இங்கேயிருந்து செய்யமுடியாமல் போனதை எல்லாம் அந்தப் பரணில் செய்துகொண்டிருந்தார். நிரோஜினி அவரைத் தள்ளவில்லை. அவள் தோள் குலுங்குவதை நான் பலகைக்குக் கீழேயிருந்து பார்த்தேன்.

இங்கர் சும்மா இல்லை, துவக்கைத் தவறவிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஏசத்தான் வாயைத் திறந்தாள். எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு துவக்கிலிருந்து தோட்டாவைக் கழற்றினாள்.

கீழே இறங்கிப் போனோம். மான் பனிப் புல்லில் சரிந்து கிடந்தது, ஒரே வெடியில் போயிருந்தது. இங்கர் தன் தொப்பியைக் கழற்றினாள். பக்கத்து ஊசியிலை மரத்தில் ஒரு சின்னக் கொப்பை முறித்து நிரோஜினியிடம் கொடுத்தாள்.

"இதை அதன் வாயில் வை. அதன் கடைசிச் சாப்பாடு. உயிரை எடுத்தவர்கள் கொடுத்து அனுப்பவேண்டும்."

வெள்ளைக்காரி, பன்றி வளர்க்கிறவள், ஒரு மானுக்கு வாய்க்கரிசி போடச் சொல்கிறாள்! மிருகத்துக்கு முன்னால் தொப்பி கழற்றி நிற்கிறாள்! எங்கள் ஊரில் அந்த நாட்களில் மனிசருக்கே இது கிடைக்கவில்லையே என்று நினைத்தேன்.

நிரோஜினி கொப்பைக் கையில் வைத்துக்கொண்டு மானையே பார்த்தாள். பிறகு திரும்பித் தகப்பனிடம் போய், அவருடைய உள்ளங்கையை விரித்து, கொப்பை அதில் வைத்தாள்.

"அம்மாவுக்கு நான் போட்டனான்" என்றாள். "இதுக்கு நீங்கள் போடுங்கோ, அப்பா."

அண்ணை முழங்காலில் இருந்தார். ஒரு கையால் மானின் தலையைத் தூக்கி, மறு கையால் அந்தப் பச்சைக் கொப்பை அதன் வாயில் வைத்தார். சிந்தாமல் சோறு ஊட்டுகிற மாதிரி அவ்வளவு கவனமாக வைத்தார். மகளும் பக்கத்தில் முழங்காலில் இருந்து அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இங்கர் இன்னும் தொப்பியைப் போடவில்லை.

கொஞ்ச நேரத்தால் அண்ணை தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார்.

"யோகம்மா, உமக்கும் கேட்டதோ?" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன். "கேட்டது."