ஆறு கிழமை ஓய்வும் மூன்று சின்ன ஓட்டையும்

இருமல் வந்தால் தலையணையை அடிவயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டும்... அப்படிப் பிடித்தும் தையல் போட்ட இடம் தீயாக எரியும்.

பதினெட்டு வருஷத்துக்கு முந்திய கதை. கண்டியில் ஒரு ஆஸ்பத்திரி வார்டு.

கூடப்பிறந்த மூத்தவர் நானாவும் நானும் மடவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தோம். சீமெந்து மூட்டை தூக்கித் தூக்கி, எனக்கு வலது தொடை இடுக்கில் குடல் இறங்கி ஹேர்னியா ஆகிவிட்டது. வெட்கத்தில் ஒரு வருஷம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சாரத்தை இறுக்கிக் கட்டிச் சமாளித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில், நெற்றியை நிலத்தில் வைத்த சுஜூதிலிருந்து எழும்ப முடியாமல் போனபோதுதான், பக்கத்தில் நின்ற நானாவுக்குத் தெரிந்தது.

அப்போது ஒப்பரேஷனை வெட்டித்தான் செய்தார்கள். நாலு விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு, உள்ளே ஒரு வலை, மேலே தையல். ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதம், பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். நானா அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

"நீ கடப் பக்கமே வரவாணாம். நான் பாத்துக்குவன். பேசாம படு."

படுத்தேன்... பார்க்க வந்தவர்கள் தோடம்பழமும் மோல்ட் பானப் பக்கெட்டும் கொண்டுவந்து குவித்தார்கள். தொழுகை கதிரையில் உட்கார்ந்தபடியே. வலி இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் பதினாறு வயதில் கடையில் ஏறியவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே லீவு அதுதான்.

நானா மௌத்தாகி மண்ணுக்குள் போய் மூன்று வருஷம். கடை முழுக்க என் தலையில். வேலைக்கு வருகிறவன் இரண்டு மாதத்தில் கட்டாருக்குப் பறந்துவிடுகிறான்.

போன மாதம் இடது பக்கமும் இறங்கிவிட்டது.

இந்த முறை டொக்டர் ஒரு இளம் பெண். பொறுமையாக விளக்கினார்.

"அங்கிள், ரெண்டுமே நல்லதுதான். முந்தி மாதிரி வெட்டியும் செய்யலாம். கெமரா வச்சு செஞ்சா மூணு சின்ன ஓட்டைதான். வலி குறைவு, சுருக்கா வேலைக்குப் போகலாம்."

"எதுல கூட நாள் படுக்க ஏலும் டொக்டர்?"

அவர் சிரித்தார். நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

இருந்தும் கெமராவுக்குத்தான் தலையாட்டினேன். கடை பூட்டிக் கிடக்கிறதே...

மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டேன். வலி முந்தியதில் பாதி கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ். சின்ன ஓட்டைதானே என்று பார்க்க யாரும் வரவில்லை. வட்ஸ்அப்பில் சுகம் வேண்டி துஆ மட்டும் வந்தது. பாரம் தூக்காவிட்டாலும் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கலாம் என்று ஐந்தாம் நாள் கடையைத் திறந்துவிட்டேன்.

அன்று அந்த ஆறு கிழமையில் நானா ஒரு தடவையாவது "எப்ப வார?" என்று கேட்டதில்லை.

இந்த முறை மூன்றாம் நாள் காலையிலேயே அந்தக் கேள்வி வந்துவிட்டது... கேட்டது வேறு யாருமில்லை, நான்தான்.