இரண்டு கட்டடங்களும் எழுந்து நின்ற ஞாயிறு

அண்ணியிடம் அவளுடைய வேலையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் உட்கார்ந்து கேட்டது ஒரே ஒரு முறைதான். கேட்டவள் அவளுடைய மாமியார். மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா, நாள் பூரா அந்தப் பெட்டியையே முறைச்சுக்கிட்டு இருக்கியே, அதுல அப்படி என்னதான் பண்றே?"

"ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு எழுந்து நிக்கிற மாதிரி பண்றேன் அத்தை."

"எது விழுந்தா?"

"இவருக்கு டயாலிசிஸ் இருக்கை பதிவு போடுறீங்களே, அந்த இணையத் தளம். அது ஒரு ஊர்ல ஒரு கட்டடத்துல ஓடுது. அதே மாதிரி அச்சா இன்னொண்ணு வேற ஊர்ல தூங்கிக்கிட்டு இருக்கு. முதல் கட்டடம் போச்சுன்னா ரெண்டாவது தானா முழிச்சுக்கும். யாரும் போய் எழுப்ப வேண்டாம்."

"முதல் ஆளு போயிட்டான்னு தூங்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

"பத்து செகண்டுக்கு ஒருதடவை, இருக்கியா இருக்கியான்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பதில் வரலைன்னா மூணாவதா சாட்சின்னு ஒரு மெஷின் இருக்கு, அதுகிட்ட கேக்கும். சாட்சியும் அவன் இல்லைன்னு சொன்னாத்தான் எழுந்திருக்கும். இல்லைன்னா ரெண்டு பேரும் நான்தான்னு நின்னுடுவாங்களே."

சோபாவில் படுத்திருந்த அண்ணன் வாயைத் திறந்தான். "கடவுளும் எனக்கு ரெண்டு சிறுநீரகம் குடுத்தான். என்ன பிரயோஜனம், ரெண்டையும் ஒரே கட்டடத்துல வெச்சுட்டான். இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"வாயைக் கழுவுடா," என்றாள் அம்மா. அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உரித்த பட்டாணியில் ஒன்று உருண்டு கீழே போனது. பேச்சு அதோடு சமையலுக்குத் திரும்பிவிட்டது.

அந்த அறையில் நான்காவது ஆளாக இருந்தவள் அண்ணனின் தங்கை. வாயே திறக்காததால் வீட்டில் அவளுக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பெயர். அண்ணி அதைச் சுருக்கிக் கோட்டான் என்பாள். அண்ணியின் அலுவலகத்திலேயே அவளுக்கும் வேலை. அண்ணி கட்டுவதை உடைத்துப் பார்த்து, உடையவில்லை என்றால் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை.

அண்ணி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாம் இரண்டிரண்டாகத்தான் இருந்தன. இரண்டு டார்ச், இரண்டு குடை, வாசல் சாவி இரண்டு. கேஸ் சிலிண்டர் தீரும் முன்பே அடுத்தது வந்து மூலையில் நிற்கும். கணவனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்த பிறகு அந்தப் பழக்கம் வேலையிலும் முற்றிவிட்டது. நகரத்து மருத்துவமனைகளில் வாரத்துக்கு அறுநூற்று நாற்பது டயாலிசிஸ் முறைகள். நிரந்தர இடம் கிடைக்காதவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தளம் திறந்ததும் அடுத்த வாரத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். மற்ற நேரங்களில் நான்கு சர்வர் கணினிகள் போதும். ஞாயிறு பத்துக்குக் கூட்டம் முண்டியடிக்கும்போது அவை தாமாகவே நாற்பதாகும். கூட்டம் கலைந்ததும் மறுபடி நான்காகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணியின் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். "சொல்லாமலே செய்யுது பாரு," என்பாள். வீட்டில் வேறு யாரும் சொல்லாமல் எதையும் செய்வதில்லை என்பதும் அதில் அடங்கியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் கட்டடத்தில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் கைவிட்டது. இரண்டாவது கட்டடம் எழுந்திருக்கவில்லை. காரணம் சாட்சி. இடம் மாற்றும் வேலை ஒன்றுக்காகச் சாட்சியைத் தற்காலிகமாக முதல் கட்டடத்தில் கொண்டுவந்து வைத்தவர்கள், திரும்ப எடுத்துப்போக மறந்திருந்தார்கள். கட்டடத்தோடு சாட்சியும் இருட்டில் உட்கார்ந்துவிட்டதால் பதில் சொல்ல ஆளில்லை. பதினொரு நிமிடம் தளம் திறக்கவில்லை. அந்தப் பதினொரு நிமிடத்தில் வந்த தொலைபேசி அழைப்புகளை அண்ணி தானே எடுத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசியவர்களும் அதில் உண்டு.

மறுநாளே ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். சாட்சியிடமிருந்தும் பதில் வராவிட்டால், இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு இரண்டாவது கட்டடம் எழுந்துவிட வேண்டும். சாட்சியை இடம் மாற்ற அனுமதி வர மாதக் கணக்காகும், அதுவரைக்கும் இது. தங்கைதான் சோதித்தாள். முதல் கட்டடத்தை அணைத்துப் பார்த்தாள். சரியாக இரண்டு நிமிடத்தில் இரண்டாவது எழுந்தது. 'சரி' என்று எழுதினாள். இரண்டு கட்டடமும் உயிரோடிருக்க, இரண்டையும் இணைக்கும் கம்பி மட்டும் அறுந்தால் என்ன ஆகும் என்று அவள் பார்க்கவில்லை. அண்ணியும் யோசிக்கவில்லை.

ஏழு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலை பத்தடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது, எங்கோ சாலை தோண்டியவர்கள் அந்தக் கம்பியை அறுத்தார்கள்.

அண்ணி வழக்கம்போல் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு இருந்தாள். பக்கத்தில் தங்கை. எதிரில் அம்மா, கைப்பேசியில் மகனுக்குச் செவ்வாய்க்கிழமை முறை போடக் காத்திருந்தாள்; வியாழனும் சனியும் அவனுக்கு நிரந்தரம். ஊழியர்கள் தம் வீட்டாருக்குத் தாங்களே போடக் கூடாது என்பது விதி. அதனால் அது எப்போதும் அம்மாவின் வேலை.

திரையில் எல்லாமே பச்சையாக இருந்தது. நாற்பது சர்வரும் எழுந்து வேலை செய்துகொண்டிருந்தன. எல்லாம் சொல்லாமலே நடந்தது. பத்தே காலுக்குத் தங்கைதான், மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்த பதிவுகளின் எண்ணிக்கையைப் பார்த்தாள். அறுநூற்று நாற்பது இடத்துக்கு எழுநூற்றுப் பத்துப் பதிவுகள். ஏறிக்கொண்டே இருந்தது.

"அண்ணி," என்றாள்.

அண்ணிக்கு உடனே விளங்கிவிட்டது. முதல் கட்டடம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; கம்பி அறுந்ததால் அதுவும் அங்கேயே இருக்கும் சாட்சியும் செத்துவிட்டன என்று நினைத்து இரண்டாவதும் எழுந்து நிற்கிறது. இரண்டும் ஒரே நாற்காலியை ஆளுக்கொருவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டாவதை உட்காரச் சொல்ல வேண்டும். ஆனால் அவள் கட்டளை போவது முதல் கட்டடம் வழியாக, அந்த அறுந்த கம்பியில்தான். இரண்டாவது கட்டடத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நான் வாட்ச்மேன் பேசறேங்க. சார் சாப்பிடப் போயிருக்காரு."

"உள்ள போய் மெஷினை நிறுத்தணும்ங்க. அவசரம்."

"எதை நிறுத்தறது? இங்க எல்லாமே பச்சை விளக்குதாங்க எரியுது. நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கறதுதான் பிரச்சினை. தயவுசெஞ்சு அவரைக் கூட்டிட்டு வாங்க."

"செருப்பைப் போட்டுக்கிட்டுப் போறேங்க."

அவர் போய், தேடி, ஆளோடு திரும்பி வந்து இரண்டாவது கட்டடத்தை நிறுத்தியபோது பதிவுகள் எண்ணூற்று மூன்று.

நூற்று அறுபத்து மூன்று பேர் பட்டியலிலிருந்து விழ வேண்டும். யார் விழுவது என்பதற்கும் விதி இருந்தது. ஒரே இடத்தில் இரண்டு பேர் என்றால் முதலில் போட்டவருக்கு. மருத்துவர்கள் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட்டது அது. எழுதிக் கொடுத்தவள் அண்ணி. பட்டியலைத் திறந்து, சரிபார்த்து, பொத்தானை அழுத்தும் உரிமையும் அவளுக்கு மட்டும்தான். கம்பியை ஒட்டி முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அப்போதுதான் முழுப் பட்டியல் வந்தது. அவள் ஒவ்வொரு வரியாக இறங்கினாள். தொண்ணூறாவது வரியில் நின்றுவிட்டாள்.

செவ்வாய், காலை ஆறு மணி, நான்காம் நாற்காலி. பத்து மணி இரண்டு நிமிடத்துக்குப் பதிவு போட்டவர் ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர். பத்து மணி மூன்று நிமிடத்துக்கு அண்ணன்.

"கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன்," என்றாள் அம்மா. எழுந்து வந்து பின்னால் நின்றிருந்தாள். "தேடி எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் அழுத்தினேன். அதுக்குள்ள..."

அண்ணன் சனிக்கிழமை டயாலிசிஸ் போய் வந்தவன். செவ்வாய் கைவிட்டுப் போனால் அடுத்தது வியாழன். ஐந்து நாள் நீர் உள்ளேயே கட்டி நிற்கும். நகரத்தில் வேறு நாற்காலி கிடையாது. மூச்சு முட்டினால் மட்டுமே அவசரப் பிரிவில் எடுத்துக்கொள்வார்கள்.

"ஒரு எண்ணுதானேம்மா," என்றாள் அம்மா, மெதுவாக. "உன் கையிலதானே இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

அண்ணன் அடுத்த அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் விரல் மூன்றை அழித்தது. ஒன்று என்று அடித்தது. பத்து மணி ஒரு நிமிடம். அந்தப் பெண்ணின் வரி சிவப்பாகியது. அண்ணனின் வரி பச்சையாகியது.

தங்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒன்று அப்படியே இருக்கட்டும் என்றுதான் அவள் மனது அடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணுக்கும் யாரோ ஒருத்தி காலையிலேயே கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. தோன்றியதை ஓரமாகத் தள்ளினாள். வாய் திறக்கவில்லை.

அண்ணி அந்த ஒன்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு அதை அழித்து மறுபடி மூன்று என்று போட்டாள். பொத்தானை அழுத்தினாள். லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்க் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். உள்ளே தண்ணீர் திறக்கிற சத்தம்கூட வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. அவசரப் பிரிவில் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். அதன்பிறகு அவன் மாடிப்படியில் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினான். கேலி பேசுவதும் குறைந்துவிட்டது. ஒரு வாக்கியத்தை முடிக்க அவனுக்கு மூச்சு போதவில்லை. அம்மா மருமகளிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டுக் கொடுத்தாள்.

அண்ணி சாட்சியை மூன்றாவது ஊருக்கு மாற்ற வைத்தாள். தான் எழுதிய வரியை எடுத்தாள். தங்கை இந்த முறை கம்பியையும் அறுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். இன்னொரு மாற்றமும் வந்தது. அந்தப் பட்டியலைத் திருத்த இனி இரண்டு பேருடைய ரகசியச் சாவி வேண்டும். இரண்டாவது பெயரை எழுதும் இடத்தில் அண்ணி தங்கையின் பெயரை எழுதினாள்.

அலுவலகத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு அவளை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அன்னிக்கு நான் ஒண்ணுன்னு போட்டதை நீ பாத்தே."

"பாத்தேன் அண்ணி."

"தடுக்கல."

"இல்ல."

"மறுபடி மூணுன்னு நானா மாத்தினேன்னு நினைக்காதே. எப்படி மாத்தினேன்னு எனக்கே தெரியல. இன்னொரு தடவை வந்தா திருப்பி மாத்த மாட்டேன், ஒண்ணாவே விட்டுடுவேன்." தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் பேர் மறுபடி வரும். அன்னிக்கு உன் சாவியைக் கேப்பேன். அழுவேன். உங்கண்ணன்தானேடின்னு சொல்லுவேன், உன் காலைப் பிடிப்பேன். நீ குடுக்காதே. என்ன சொன்னாலும் குடுக்காதே."